மார்த்தாவின் செப்புக் கொப்பரை

1972 நவம்பர் 12
இன்று சாப்பாட்டுக்கு இருந்தவர்கள்: நான், பேத்தி அம்பிகா, அவள் புருஷன் கோபாலன், தொட்டிலில் அவர்கள் குழந்தை, பேரன் ரவிச்சந்திரன், அவன் கூட்டிவந்த ஜூடித். இங்கிலீஷ்காரி. ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் இந்த ஆஹென் ஊரில்தான் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறாளாம். சித்திரையில் கல்யாணம் என்றான் ரவி. ரசக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

தாய் தகப்பன் இல்லாத இதுகள் இரண்டையும் வளர்த்தவள் நான். கூடாது என்றால் ராட்சசி என்பார்கள். பதமாகவே கேட்டேன்: "அவ வம்சத்துல ஏழு தலைமுறை சொல்லட்டும். தாலிய நானே எடுத்துத் தரேன்."

எங்கே சொல்லப்போகிறாள்? என் ஓரகத்தி கனகவல்லிக்கே நாலுக்கு மேல் தெரியாது. 1938-இல் பாகம் பிரிக்கையில் என் செப்புத் தவலையைத் தன் சாமானோடு சுருட்ட மட்டும் தெரிந்தது.

நவம்பர் 19
அந்தப் பெண் இதை விசா சமாச்சாரம் போல எடுத்துக்கொண்டுவிட்டாள். சர்ச் சர்ச்சாகப் போய்ப் பழைய பதிவுகளைப் பார்க்கச் சொல்லித் தன் அத்தைக்கு எழுதியிருக்கிறாளாம். ஏன் வாயைக் கொடுத்தேன்?

1973 ஜனவரி 6
நாலு வந்துவிட்டது. எல்லாம் பொம்பளைப் பேர். அம்மா, அம்மாவுக்கு அம்மா என்றே போகிறது. அப்பா வழிதானே கணக்கு என்றேன். ரவி தலையைச் சொறிந்தான். பொம்பளை வழி என்று அவன்தான் சொல்லிவிட்டானாம். "நம்ம வீடு உன்னால தானே பாட்டி ஓடுச்சு?" என்கிறான்.

ஜனவரி 20
பனி. பஸ் ஓடவில்லை. நடந்தே வந்து, நனைந்த காலுறையை ஹீட்டர்மேல் போட்டுவிட்டு அஞ்சாவது பேரைச் சொன்னாள். காபி கொடுத்தேன். சர்க்கரை போடவில்லை.

பிப்ரவரி 18
ஏழாவது: மார்த்தா. இருநூறு வருஷத்துக்கு முந்தியவள். ஜமீன் இல்லை, மாளிகை இல்லை. ஊரார் துணியை வேகவைத்து வெளுத்து நாலு பிள்ளைகளை வளர்த்தவள். புருஷன் அல்பாயுசு. மாமனார் உயிலில், ஒட்டுப்போட்ட பிடியுள்ள செப்புக் கொப்பரை மார்த்தாவுக்கு என்று எழுதிவைத்திருக்கிறார்.

வெளுக்கிறவள் வம்சமா என்று நான் முகம் சுளித்தேனாம், அம்பிகா சொல்கிறாள். சுளித்தேன்தான். ஆனால் அந்த மாமனார் மனுஷன். எனக்கு வாய்த்த மாமனார் தவலையைப் பற்றி ஒரு வரி எழுதவில்லையே.

பிப்ரவரி 25
ஏழும் ஆயிற்று, தாலி எடுத்துத் தருவாயா என்றான் ரவி. காது கேட்காதது போல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன்.

மார்ச் 11
கேட்டிருக்கவே வேண்டாம்.

அத்தையிடமிருந்து இன்னும் கொஞ்சம் வந்ததாம். மார்த்தாவின் புருஷனுக்கு அண்ணன் ஒருவன், தாமஸ். அவன் செத்தபோது வீட்டில் இருந்த சாமான்களை எழுதியிருக்கிறார்கள். ஜூடித் படிக்க, ரவி தமிழில் சொன்னான். கட்டில் இரண்டு, பன்றி ஒன்று, செப்புக் கொப்பரை ஒன்று...

நிறுத்தச் சொன்னேன். "அது மார்த்தாவோடதுடா. அவன் வீட்டுக்கு எப்படிப் போச்சு?"

வேறு கொப்பரையாக இருக்கும் என்றாள் அம்பிகா. வேறயாம்! வேறயாமே! பிடியைப் பாரடி என்றேன். ஜூடித் தாளைத் திருப்பிப் பார்த்தாள். ஒட்டுப்போட்ட பிடி.

நாலு குழந்தையை வைத்துக்கொண்டு அவள் எதில் துணி வேகவைத்திருப்பாள்? யார் வீட்டில் போய் இரவல் கேட்டு நின்றிருப்பாள்?

ஜூடித் என்னைப் பார்த்து, ரவி சொல்லிக்கொடுத்த தமிழில், மெதுவாகச் சொன்னாள்: "திருடன், பாட்டி."

காபிக்கு இரண்டு கரண்டி சர்க்கரை போட்டேன்.

ஏப்ரல் 29
தாலியை நானே எடுத்துக் கொடுத்தேன். கோபாலனோடு வேலை பார்க்கும் பையன்கள் தட்டைத் தட்டி மேளம் என்றார்கள். ஜூடித்தின் அத்தையும் வந்திருந்தாள். அவளும் நானும் பாஷையில்லாமலே ஒரு மணி நேரம் தாமஸைத் திட்டினோம்.

கனகவல்லி ஊரிலிருந்து ஆசீர்வாதம் எழுதியிருந்தாள். தவலையைப் பற்றி மூச்சில்லை. போகட்டும், அவளே வைத்துக்கொள்ளட்டும். புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்றுதான் வைத்திருப்பாள்.

நான் மன்னிக்காதது இனி ஒருத்தனைத்தான். எங்கள் மார்த்தாவின் கொப்பரையைத் தூக்கிப்போன அந்தத் தாமஸ்.