நடுவுல நான் வச்ச புள்ளி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுறது. இங்க என் முழங்காலத் தவிர எல்லாரும் சௌக்கியம். நீயும் சௌக்கியம்னு எழுதியிருக்க, இனிமே அதையும் நம்பலாமான்னுதான் தெரியல.

உங்கம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, இப்ப என் சட்டைக் காலர் அழுக்கெல்லாம் பளிச்சுனு தெரியுதாம், எனக்குத்தான் கஷ்டகாலம். மாடித் தண்ணித்தொட்டி ஒழுகுது, உங்கண்ணன் வந்து பாக்குறேன் பாக்குறேன்னே மூணு மாசம் ஓட்டிட்டான். சரி, விஷயத்துக்கு வர்றேன். நீ வேலைக்காக ஊரை விட்டுக் கிளம்புறப்ப ஒரே மாதிரி ரெண்டு டெலஸ்கோப் வாங்கி ஒண்ண எனக்குக் குடுத்துட்டுப் போன. மாசம் ஒரு நட்சத்திரம் ரெண்டு பேரும் பாக்கணும், பாத்ததை வரைஞ்சு அனுப்பணும், முதல்ல நான், அப்புறம் நீ, போன்ல மூச்சு விடக் கூடாது, எல்லாம் நீ போட்ட சட்டம். முப்பது வருஷம் பஸ்ல டிக்கெட் கிழிச்சவன் நான், போன மாச நட்சத்திரத்தைப் பாத்து ஆடிப்போயிட்டேன். வெறுங்கண்ணுக்கு ஒண்ணு, உள்ள பாத்தா நாலு பேர் இடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க, ஒரே டிக்கெட்டுல. வரையுறப்ப கொழுப்புதான், உன்னை வம்பிழுக்கலாம்னு நாலுக்கும் நடுவுல சும்மா ஒரு புள்ளி வச்சேன். கண்ணை டாக்டர்கிட்டக் காட்டுங்கப்பான்னு திட்டுவ, சிரிக்கலாம்னு காத்திருந்தேன். நீ என்னடான்னா, ஆமாப்பா அந்த அஞ்சாவதையும் பாத்தேன், எவ்ளோ அழகுன்னு எழுதி, நடுவுல புள்ளியும் வச்சு அனுப்பியிருக்க.

பழைய படத்தையெல்லாம் எடுத்துப் பாத்தேன். என் கை நடுங்கி வட்டம் கோணின இடத்துல உன் வட்டமும் கோணியிருக்கு. ஒரு வருஷமா நீ வானத்தைப் பாக்கல, என் தாளைத்தான் பாத்திருக்க. உங்கம்மாகிட்டச் சொன்னா, அவ அசராம, உன் டெலஸ்கோப் பெட்டியவே பிரிக்கலைன்னு அப்பவே தெரியுங்கிறா. என் மனசு நோகும்னு மறைச்சீங்களாம், ஆத்தாளும் மகளும். வேலை அதிகம், பாக்கலன்னு ஒரு வரி போட்டிருந்தா நான் கோவிச்சிருப்பேனா? காசு இல்லன்னு சொன்னவங்களை ஓசியில ஏத்திக்கிட்டுப் போயிருக்கேன். டிக்கெட் எடுத்தாச்சுன்னு பொய் சொன்னவங்களைத்தான் இறக்கி விட்டிருக்கேன்.

உன்னை எங்க இறக்கி விடுறது. நேரத்துக்குச் சாப்பிடு, தூங்கு, நூறு வருஷம் நல்லா இரு. பெட்டிக்குள்ளயே கிடந்தா கண்ணாடில பூசணம் புடிக்கும், எடுத்துத் துடைச்சாவது வை. இன்னொண்ணும் சொல்லிடுறேன். உன் லெட்டர் வந்த அன்னிக்கு மறுபடி மாடி ஏறினேன். நானே வச்ச புள்ளிதான், தெரியும். இருந்தாலும் எம்பொண்ணு பாத்தேன்னு சொல்றாளேன்னு கழுத்து வலிக்க வலிக்கத் தேடினேன்.

இப்படிக்கு,
நாலே நாலு மட்டும் பாத்த
உன் அப்பா