எல்லோருக்குமான கழிப்பறையின் பூட்டு

புரட்டாசி, செவ்வாய் இரவு.

ஆண், பெண், திருநங்கை என்று பார்க்காமல் யாரும் போகலாம் என்று எங்கள் அலுவலகத்தில் புதிதாக ஒரு கழிப்பறை கட்டியிருக்கிறார்கள். கதவில் 'அனைவருக்கும்' என்று எழுதியிருக்கிறது. பெரிய அதிகாரி பார்வையிட வரும்வரை சுத்தமாக இருக்கட்டும் என்று மேலாளர் பூட்டு போட்டுவிட்டார். சாவி என் மேசையில்.

இன்று எடப்பாடியிலிருந்து வீட்டு மனைக்கு மனு கொடுக்க வந்த திருநங்கை மல்லிகா, வரிசையை விட்டு என்னிடம் வந்தார்.

"ஏனுங்கக்கா, அந்தச் சாவி கொஞ்சம் குடுக்கறீங்களா?" மெதுவாகத்தான் கேட்டார்.

நான் எடுப்பதற்குள் மேலாளர் தன் நாற்காலியிலிருந்தே, "யாருக்குங்க சாவி? ஆம்பளைக்குத் தனியா, பொம்பளைக்குத் தனியா தொறந்துதானுங்க கெடக்குது?" என்றார். வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது.

"வேண்டாங்கக்கா. நான் பஸ் ஸ்டாண்டுல பாத்துக்கறேன்" என்று மல்லிகா கிளம்பிவிட்டார். மனுவைக் கொடுக்கவே இல்லை. திரும்பியும் வரவில்லை.

மேலாளர் கெட்டவர் இல்லை. பூட்டு போட்ட அன்று எனக்கும் அது சரியென்றுதான் பட்டது.

சாயங்காலம் கிளம்பும்போது பூட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். இப்போது டிபன் டப்பாவுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. நாளை மேலாளர் கேட்டால் சாவியைக் கொடுத்துவிடுவேன். அது மேசையில்தான் இருக்கிறது.