பதினேழு சமம் பதினேழு

மார்ச் 3, திங்கள்

முதலில் ஒரு திருத்தம்.

நான் பொழுது போகாமல் கணக்கு வகுப்பில் சேர்ந்திருப்பதாக மருமகள் மாடி வீட்டாரிடம் சொல்லியிருக்கிறாள். துக்கத்தை மறப்பதற்காகச் சேர்ந்திருப்பதாக மகன் தன் அலுவலகத்தில் சொல்லியிருக்கிறான். நாத்தனார் இவர்களை எல்லாம் மிஞ்சிவிட்டாள். "அண்ணிக்கு மறதி வந்துடுச்சாம், டாக்டர்தான் கணக்கு போடச் சொன்னாராம்" என்று போன் போட்டுப் போட்டுப் பரப்புகிறாளாம்.

மூன்றும் பிழை. எனக்குப் பொழுது தாராளமாகப் போகிறது. அவர் போய் ஆறு வருடமாகிறது; துக்கத்தை நான் மறக்கவும் இல்லை, தூக்கிக்கொண்டு அலையவும் இல்லை. மறதியா? கான்வென்ட்டில் பள்ளி இறுதித் தேர்வில் வந்த கடைசிக் கணக்கு எனக்கு இன்றைக்கும் எண் பிசகாமல் நினைவிருக்கிறது.

3x + y = 17
2x − y = 3

இரண்டையும் பொருத்தி x, y என்ன என்று கண்டுபிடிக்க வேண்டும். ஐந்து மதிப்பெண். நான் நான்கு மதிப்பெண்ணில் தவறினேன்.

இதை எழுதும்போது கதவு சாத்தியிருக்கிறதா என்று எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். எழுபத்தொரு வயதில்! நான் தேர்வில் தவறியது இந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அவருக்கே தெரியாது. "என் மனைவி கான்வென்ட், ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்வார். நான் மறுத்ததில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்வேன்.

ஆனால் அந்தக் கேள்வி தவறு. ஐம்பத்தைந்து வருடமாக எனக்குத் தெரியும். அதை நிரூபிக்கத்தான் போகிறேன். நிரூபித்துவிட்டு அதே தேர்வை எழுதித் தேறப் போகிறேன்.

மார்ச் 5, புதன்

நூலகத்தின் மாடி அறை. ஒன்பது பேர். மாலை நான்கிலிருந்து ஐந்தரை வரை. டீச்சருக்கு என் மகள் வயதுதான் இருக்கும், எனக்கு மகள் இருந்திருந்தால். கரும்பலகையில் நேர்கோடாக எழுதுகிறாள். பிழைத்தாள்.

அவள் வைத்திருக்கும் விதி: இருவர் இருவராக நோட்டை மாற்றிக்கொள்ள வேண்டும். ஒருவர் போட்ட கணக்கை மற்றவர் சிவப்பு மையில் திருத்த வேண்டும். எனக்கு வாய்த்தவர் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். முப்பத்து நான்கு வருடம் ஓட்டியிருக்கிறார். ஜன்னலோரம் உட்கார்ந்து, பெஞ்சின் விளிம்பை ஸ்டியரிங் மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறார்.

"அம்மா, நோட்டைக் குடுங்க."

"நான் உங்களுக்கு எப்படி அம்மா? உங்க வயசு என்ன?"

"எழுபத்திரண்டு."

"அப்போ நான் உங்களைவிட ஒரு வயசு சின்னவ."

"சரிங்க மேடம்" என்றார், கொஞ்சமும் சங்கடப்படாமல்.

மார்ச் 10, திங்கள்

இன்று பிரதியிடல் முறை.

எவ்வளவு சுத்தமான காரியம்! தெரியாத எண் இரண்டு. இரண்டையும் ஒரே நேரத்தில் பிடிக்க முடியாது. ஒரு சமன்பாட்டை எடுத்து y-ஐத் தனியே நிற்க வைத்து, "நீ யார், x-ஐ வைத்துச் சொல்" என்று கேட்க வேண்டும். அது சொல்லும். அந்தப் பதிலை அப்படியே தூக்கிக்கொண்டு போய் y இருந்த இடத்தில் வைத்தால், தெரியாதது ஒன்றே ஒன்றாகிவிடும். பிறகு கழிவறைக் குழாய் திறந்த மாதிரி — சே, என்ன உவமை. பிறகு எல்லாம் தானாக வரும்.

வகுப்பு முடிந்து மாடிப்படியில் இறங்கும்போது இரண்டிரண்டு படியாக இறங்கியிருக்கிறேன். டிரைவர்தான் கீழே நின்று, "மேடம், இறக்கம், செகண்ட் கியர்" என்றார்.

மார்ச் 12, புதன்

அவருடைய நோட்டைத் திருத்தினேன். கணக்கு இது: ஒரு பேருந்தில் 52 பேர். உட்கார்ந்திருப்பவர்கள் நிற்பவர்களைப் போல் மூன்று மடங்கு. x = 3y என்று எழுதி, அதை x + y = 52-இல் வைத்து, 4y = 52, y = 13, x = 39 வரைக்கும் அழகாகப் போட்டிருக்கிறார். பிறகு அதை அடித்துவிட்டு, 40 பேர் உட்கார்ந்தார்கள், 12 பேர் நின்றார்கள் என்று விடை எழுதியிருக்கிறார்!

"சரியா வந்த விடையை எதுக்கு அடிச்சீங்க?"

"நாப்பது சீட் வண்டி, மேடம். முப்பத்தொம்போது பேர் உக்காந்து பதிமூணு பேர் நிக்கறாங்கன்னா, ஒரு சீட் காலியா இருக்கு. காலி சீட்டை வச்சுக்கிட்டு எவன் நிப்பான்?"

"கணக்குல நாப்பது சீட்னு எங்க இருக்கு?"

"எல்லா வண்டியும் நாப்பதுதான், மேடம்."

சிவப்பு மையில் தவறு போட்டேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சிரித்தேன். எதிரே வந்த யாரோ ஒரு பெண் நின்று திரும்பிப் பார்த்தாள். பார்க்கட்டும்.

மார்ச் 19, புதன்

எதற்காக வகுப்பில் சேர்ந்தார் என்று கேட்டேன்.

"காலைல ஏழரை வண்டில ஸ்கூல் பசங்க என் முதுகுக்குப் பின்னாடிதான் ஹோம்வொர்க் போடுவாங்க. திடீர்னு எவனாச்சும் 'x கிடைச்சிடுச்சு'ன்னு கத்துவான். நான் திரும்பிப் பாக்க முடியாதுல்ல, ரோட்டப் பாக்கணும். முப்பத்தி நாலு வருஷமா யாருப்பா இந்த x-னு மனசுல ஒரு அரிப்பு."

நான் எதற்காகச் சேர்ந்தேன் என்று அவர் கேட்கவில்லை. நல்லவேளை.

மார்ச் 24, திங்கள்

இன்று எழுதிக் கொடுத்துவிட்டேன், அந்தக் கணக்கை. அன்றைக்குத் தேர்வறையில் எழுதியதை ஒரு வரி மாற்றாமல்.

முதல் சமன்பாட்டிலிருந்து y = 17 − 3x. பிரதியிட்டால், 3x + 17 − 3x = 17. அதாவது 17 = 17. அன்றும் இதன் கீழே இரண்டு கோடு போட்டேன், இன்றும் போட்டேன். x எங்கே? காணோம். கேள்வி தப்பு என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

நோட்டை டிரைவரிடம் நீட்டும்போது கொஞ்சம் நிமிர்ந்தே நீட்டினேன். தேர்வுத் துறைக்கு அனுப்ப ஒரு கடிதமும் தயார். நகல் எடுக்க வேண்டியதுதான் பாக்கி.

மார்ச் 26, புதன்

நோட்டு திரும்பி வந்தது. 17 = 17-க்குப் பக்கத்தில், சிவப்பு மையில், கோணல் மாணலாக:

"ஏறின ஸ்டாப்பிலேயே இறங்கிட்டீங்க."

அவ்வளவுதான்.

மார்ச் 27

என்ன திமிர்! எனக்குச் சொல்ல இவர் யாரு? நாப்பது சீட்டு! நாளைக்கே டீச்சர்கிட்ட சொல்லி ஆளை மாத்திக்கறேன்.

மார்ச் 28

முதல் சமன்பாட்டிலிருந்து எடுத்ததை முதல் சமன்பாட்டிலேயே வைத்திருக்கிறேன்.

முதல் சமன்பாட்டிலேயே!

இரண்டாவது ஒன்று பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கிறது, 2x − y = 3, ஐம்பத்தைந்து வருடமாக. நான் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதில் வைத்தால் 2x − 17 + 3x = 3. ஐந்து x இருபது. x நான்கு. y ஐந்து. சரிபார்த்தேன்: பன்னிரண்டும் ஐந்தும் பதினேழு, எட்டில் ஐந்து போனால் மூன்று. கேள்வியில் ஒரு குறையும் இல்லை. கேள்வி தங்கம்.

அழுவேன் என்று நினைத்தேன். சிரிப்பு வந்துவிட்டது. நிற்கவே இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். மருமகள் ஓடி வந்து, "அத்தை, என்னாச்சு? தண்ணி குடிங்க" என்றாள். "நாலும் அஞ்சும்டி" என்றேன். அவள் முகம் போன போக்கைப் பார்த்து மறுபடி சிரித்தேன். நாத்தனாருக்கு இந்நேரம் செய்தி போயிருக்கும்.

தேர்வுத் துறைக்கு எழுதிய கடிதத்தை எட்டாகக் கிழித்தேன். கணக்கு சிஸ்டரிடம் அன்றைக்கே போய் "என் பிழை எது, சிஸ்டர்?" என்று கேட்டிருந்தால் ஐந்து நிமிட வேலை. கேட்கவில்லை. நானாவது போய்க் கேட்பதாவது.

மார்ச் 31, திங்கள்

டிரைவரிடம் சொன்னேன். தேர்வில் தவறியது, மறைத்தது, எல்லாம். நூலக வாசலில் நின்றபடி. எப்படி வாய் வந்தது என்று தெரியவில்லை.

நோட்டைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பிறகு, "நான் ஒரு தடவை ரூட் மாறி பதினோரு கிலோமீட்டர் போயிட்டேன், மேடம். முழு வண்டியோட. ஒருத்தர்கூட ஒண்ணும் சொல்லல. டிரைவருக்குத் தெரியாதான்னு நெனச்சுட்டாங்க."

"நீங்க எப்ப உணர்ந்தீங்க?"

"ரெண்டாவது கிலோமீட்டர்லயே. திருப்ப வெக்கமா இருந்துச்சு."

இவரையா மாற்ற நினைத்தேன்?

ஏப்ரல் 7, திங்கள்

இன்று அவர் முறை. 2x + 3y = 7, y = x + 1. ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்திருக்கிறார். "ஒண்ணும் ஏறல, மேடம்." ஊகிக்காதீர்கள், பிரதியிடுங்கள் என்று எத்தனை முறை சொல்வது? விடை ஐந்தில் நான்கு. "முழுசா ஒரு ஆள்கூட இல்லயே!" என்று அவர் போட்ட சத்தத்தில் டீச்சரே சுண்ணாம்புக்கட்டியைக் கீழே போட்டுவிட்டாள்.

ஏப்ரல் 9

நாத்தனார் போன். "யாரோ டிரைவரோட வாசல்ல நின்னு பேசறீங்களாமே, அண்ணி?"

"ஆமா."

"என்ன பேசறீங்க?"

"x பத்தி."

வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 16, புதன்

தேர்வு விண்ணப்பம். கடைசி நாள். மகன் கம்ப்யூட்டரில் நிரப்பினான், நான் பின்னால் நின்றேன்.

"ஏற்கெனவே பாஸ் பண்ணினதை எதுக்கும்மா திரும்ப எழுதணும்? சரி விடுங்க. 'இதற்கு முன் எழுதித் தேர்ச்சி பெறாதவரா?' இல்லைன்னு போட்டுடறேன்."

"ஆம்னு போடு."

"என்னம்மா?"

"ஆம்னு போடு. கணக்குல போயிடுச்சு. நாலு மார்க்ல."

"ஃபர்ஸ்ட் கிளாஸ்னு அப்பா..."

"உங்கப்பா சொன்னாரு. நான் சொல்லல."

"நீங்க மறுக்கவும் இல்லயே!"

"அதுதான் தப்பு. இப்ப மறுக்கறேன். போடு."

அவன் திரும்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். சமையலறை வாசலில் ஏதோ சத்தம். மருமகள் கதவில் சாய்ந்துகொண்டு சிரிக்கிறாள். "அத்தை, நான் டிரைவிங் டெஸ்ட்ல மூணு தடவை ஃபெயில். உங்ககிட்ட சொல்ல பயந்துக்கிட்டு, கூட்டம் அதிகம், நாளைக்கு வரச் சொன்னாங்கன்னு சொன்னேன்."

"மூணு தடவையுமா?"

"மூணு தடவையும் கூட்டம், அத்தை!"

எனக்கு அவள் மேல் இவ்வளவு பிரியம் இருப்பது எனக்கே இன்றுதான் தெரிந்தது. மகன் 'ஆம்' என்பதை அழுத்தினான். பூமி பிளக்கவில்லை.

மே 14, புதன்

தேர்வு முடிந்தது. டிரைவரும் எழுதினார், வேறு அறையில். "ஏறினது முதலாவது, இறங்க வேண்டியது இரண்டாவது" என்று வாய்விட்டே சொல்லியிருக்கிறேன் போல. கண்காணிப்பாளர் வந்து, "பேசக் கூடாதுங்க" என்றார். "நான் உங்களிடம் பேசவில்லை" என்றேன்.

வெளியே வந்ததும் டிரைவர், "எட்டாவது கணக்குல ஒரு பஸ் வந்துச்சே, பாத்தீங்களா? நூத்தி இருபது கிலோமீட்டர், வழில ஒரு ஸ்டாப் கிடையாது."

"ஐயோ. என்ன செஞ்சீங்க?"

"நிக்காம ஓட்டிட்டேன், மேடம்."

கைதட்டிவிட்டேன். நடு வாசலில்.

பிறகு அவர் கையிலிருந்த என் நோட்டைப் புரட்டிக்கொண்டே, "நோட்டு மாத்திக்கறது இன்னியோட சரியா?" என்று கேட்டார். தரையைப் பார்த்துக்கொண்டு.

நான் என்ன சொன்னேன்? "ரிசல்ட் வரட்டும், பார்ப்போம்" என்றேன். யாரோ மனு கொடுக்க வந்தவரிடம் சொல்வது மாதிரி. அவரும், "சரிங்க" என்று பஸ் ஏறிப் போய்விட்டார். என் நோட்டு அவரிடம். அவர் நோட்டு என்னிடம்.

ஏன் அப்படிச் சொன்னேன்? ஏன்டி அப்படிச் சொன்னே?

மே 20

வகுப்பு இல்லாத நான்கு மணி. ஜன்னல் திரைகளைத் துவைத்தேன். அவை சுத்தமாகத்தான் இருந்தன.

மே 29

அவர் நோட்டை முதலிலிருந்து படித்தேன். என் சிவப்பு மை எவ்வளவு! ஓரிடத்தில் மட்டும் 'நன்று' என்று எழுதியிருக்கிறேன். அதைச் சுற்றி அவர் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு வைத்திருக்கிறார்.

ஜூன் 9, திங்கள்

நான் 84! அவர் 61, டீச்சர் போனில் சொன்னாள். இருவரும் தேர்ச்சி. மகன் இனிப்பு வாங்கிவந்து மாடி வீடு, கீழ் வீடு எல்லாவற்றுக்கும் கொடுத்தான். "அம்மா கணக்குல பாஸ், ரெண்டாவது தடவைல" என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தான். இரண்டாவது தடவையில்! நான் பக்கத்தில்தான் நின்றேன். கண்ணாடியைத் துடைக்கவில்லை.

ரிசல்ட் வரட்டும் என்று சொன்னவள் நான். வந்துவிட்டது. போய்க் கேட்க வேண்டியதும் நான்தான். முன்பு ஒருமுறை கேட்காமல் இருந்து பார்த்தாயிற்று.

மருமகளிடம், பதினேழாம் தேதி மாலை நான்கு மணிக்குக் காப்பி இரண்டு பேருக்கு என்று சொல்லிவிட்டேன். "யாருக்கு அத்தை?" என்றாள். "எனக்கும் இன்னொருத்தருக்கும்." "கூட்டம் அதிகம்னு சொல்லிடட்டா, உங்க நாத்தனார் போன் பண்ணினா?" என்கிறாள், வாயாடி.

பிறகு உட்கார்ந்து, இரண்டு தாள் வீணாக்கி, அவர் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன். மகன் நாளைக் காலை அலுவலகம் போகும் வழியில் அவர் வீட்டில் கொடுத்துவிடுவான். எழுதியதன் நகல்:

"x + y = 21
y = 4x + 1

x என்பது மணி. y என்பது இந்த மாதத் தேதி. இடம், உங்களிடம் உள்ள என் நோட்டின் மேலட்டையில் எழுதியிருக்கும் முகவரி. அந்த நோட்டையும் கொண்டு வரவும். விடை முழு எண்ணாகத்தான் வரும். யாரையும் ஐந்தில் நான்காக வெட்ட வேண்டியதில்லை. இரண்டாவதில் ஏறினால் முதலாவதில் இறங்கவும். ஊகம் செல்லாது. வர முடியுமா, முடியாதா என்று எழுத்து மூலம் பதில் தரவும்."