கல்யாண முருங்கைப் போத்து

குடியாத்தம்
8-3-1981

அன்பு மகள் கமலவேணிக்கு நைனா எழுதுவது. வழக்கம்போல் சௌபாக்கியவதி என்று தொடங்கினேன். கை கூசியது, அடித்துவிட்டேன்.

அம்மாவுக்கு முழங்கால் வீக்கம் வற்றிவிட்டது. தறியில் லுங்கி ஓடுகிறது, நூல்தான் ஒழுங்காகக் கிடைப்பதில்லை. உன் கல்யாணப் பந்தலில் நட்ட கல்யாண முருங்கை இந்த மாசியில் இலையெல்லாம் உதிர்த்துவிட்டுச் சிவக்கச் சிவக்கப் பூத்திருக்கிறது. தெருவே நின்று பார்க்கிறது. எனக்குத்தான் அந்தப் பக்கம் திரும்ப முடியவில்லை.

அன்று பந்தலில் நட முதலில் ஆலங்காயம் மலையிலிருந்து வந்தது காட்டு முருங்கை. அதுவும் இதே இனம்தான், பட்டை மட்டும் தக்கைபோலத் தடித்திருக்கும். அது ஆகாது என்று சம்பந்தி வீட்டார் எல்லோர் முன்னாலும் தூக்கி எறிந்தார்கள். நான் மன்னிப்புக் கேட்டு, ஓடிப்போய் வேறு கொண்டுவந்தேன். மரத்தைப் பார்த்தேனே தவிர, எறிந்த கையைப் பார்க்கவில்லை.

போன மாதம் நீ வந்தபோது மணிக்கட்டு வீங்கியிருந்தது. "இங்கியே இருந்துக்கறேன் நைனா" என்றாய். கல்யாண மரம் மொட்டு விட்டிருக்கும்போது அபசகுனமாகப் பேசாதே என்று அதட்டி, நானே சேலம் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். நீ திரும்பிப் பார்க்கவில்லை.

நேற்று பக்கத்துத் தெரு வேலாயுதம் வந்தான். பங்குனியில் அவன் மகளுக்குக் கல்யாணம். கமலவேணி மாதிரி அவளும் நன்றாக வாழவேண்டும், பந்தலில் நட உங்கள் வீட்டு மரத்திலிருந்தே ஒரு கிளைப் போத்து வெட்டிக் கொடு என்றான். அரிவாளோடு மரத்தடிவரை போனேன். வெட்ட முடியவில்லை.

"இதுல வேணாம், வேலாயுதம். எம் பொண்ணு அங்க அடி வாங்கினு கீறா. நான்தான் திருப்பி அனுப்பிட்டேன்."

அவன் என் தோளில் கைவைத்துவிட்டுப் போனான். இதை அவள் வந்த அன்றைக்கே சொல்லியிருக்கக் கூடாதா என்று அம்மா அழுதாள். பொழுது சாய்வதற்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. நாலு பேர் என்ன சொல்வார்களோ என்றுதான் உன்னை அனுப்பினேன். இப்போது அந்த நாலு பேர் முன்னால் தலைகுனிந்து நடக்கிறேன், அது பெரிதாகத் தெரியவில்லை. உன் முன்னால் எப்படி வந்து நிற்பேன் என்பதுதான் தெரியவில்லை.

இதை மாப்பிள்ளை பிரித்துப் படித்தால் படிக்கட்டும். வியாழக்கிழமை வருகிறேன். சண்டைக்கு இல்லை, உன்னைக் கூட்டிப்போக. நகை, பாத்திரம் எதையும் தேடாதே, கட்டின புடவையோடு வந்தால் போதும். என்னோடு பேசப் பிடிக்காவிட்டால் பேசவேண்டாம். பஸ்ஸில் வேறு சீட்டில் உட்கார்ந்துகொள். வந்துவிடு, தாயே.

அதுவரை கெங்கையம்மா உனக்குத் துணையிருக்கட்டும்.

உன் நைனா,
கோவிந்தராஜ்