ஆறு கேள்விகள்

மார்ச் 3

கட்டுரை அச்சில் வந்துவிட்டது. 'இக்கேள்வித்தாளை ஆய்வாளரே தேடிக் கண்டறிந்தார்.' ஆய்வாளராம். நோயாளியை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களின் சோர்வை அளக்க ஒரு கேள்வித்தாள் வேண்டும் என்று எங்கள் மருத்துவமனை நூலகத்துக்கு வந்தவர் அவர். இரண்டு மாதம் நாலு டேட்டாபேஸைக் குடைந்தவள் நான். 'சோர்வு' என்று தட்டினால் ஒன்பதாயிரம் கட்டுரை கொட்டும். கேள்வித்தாளின் பெயர் கட்டுரைச் சுருக்கத்தில் இருக்காது. ஒவ்வொன்றாகத் திறந்து, எப்படி அளந்தார்கள் என்ற பகுதியைப் படிக்க வேண்டும்.

நேரே போய்க் கேட்டேன். வெயிலிலும் கோட்டைக் கழற்றாத மனிதர், துறையே பார்த்துக்கொண்டிருக்க, "மேடம் அலமாரியைத் திறந்து விட்டாங்க. அதுக்கெல்லாம் பேர் போடணுமா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

மார்ச் 4

"மூஞ்சியில இருக்கற காரத்துல கொஞ்சம் சமையல்ல போட்டிருக்கலாம்" என்றார் வீட்டுக்காரர்.

மார்ச் 11

மாட்டினார்.

கேள்வித்தாள் முதலில் வந்தது ஒரு பழைய ஆய்வேட்டில். 'அதை வரவழைக்கிறேன், மதிப்பெண் போடும் முறை அதில்தான் இருக்கும்' என்று அன்றே சொன்னேன். நேரமில்லை என்றார் கோட்டு. என் வயிற்றெரிச்சலுக்காக நானே வரவழைத்தேன். கடைசிப் பக்கம்: இருபத்திரண்டு கேள்விகளில் ஆறுக்கு மட்டும் மதிப்பெண்ணைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டு, நாலைப் பூஜ்யமாக, பூஜ்யத்தை நாலாக, கூட்ட வேண்டும். 'இரவில் நிம்மதியாகத் தூங்குகிறேன்' மாதிரியானவை. கோட்டு எல்லாவற்றையும் நேராகவே கூட்டியிருக்கிறார். தூக்கமே இல்லாதவருக்கு அதில் பூஜ்யம். ஆள் எவ்வளவு நொந்திருக்கிறாரோ, தாளில் அவ்வளவு தெம்பு!

இப்போதே சொல்வேனா? 28ஆம் தேதி இயக்குநர் முன்னால் கூட்டம். அதுவரை வாயைத் திறக்கமாட்டேன்.

மார்ச் 17

கோட்டிடம் வேலை பார்க்கும் நர்ஸ் பெண் வந்தாள். "அக்கா, அந்தக் கேள்வித்தாள்ல அம்பது வந்தாத்தான் வீட்டுக்கு நர்ஸ் அனுப்புறோம். ஒரு அம்மா நிக்க முடியாம சுவரைப் பிடிச்சிட்டு நிக்கறாங்க. நாப்பத்தேழுதான் வருது. கணக்கு சரிதானாக்கா?"

"அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றேன்.

எழுதக் கை கூசுகிறது. இன்னும் பதினோரு நாள்தானே — பதினோரு நாள்தான்.

மார்ச் 28

எழுந்து நின்று ஒன்றுதான் கேட்டேன். "அந்த ஆறு கேள்வியைத் திருப்பிப் போட்டீங்களா சார்?" கடைசிப் பக்கத்தை இயக்குநரிடம் நீட்டினேன். அவர் இரண்டு தரம் படித்தார். கோட்டுக்கு வேர்த்தது. "கூட்டினது இவங்கதான்" என்று நர்ஸ் பெண்ணைக் காட்டினார். அவள் முகம் செத்துவிட்டது.

"நேராக் கூட்டணும்னு உங்க கட்டுரையில நீங்கதானே எழுதியிருக்கீங்க சார்" என்றேன். இம்முறை யாரும் சிரிக்கவில்லை.

வீடு வரைக்கும் நடந்தே வந்தேன். கால் தரையில் படவில்லை.

மார்ச் 29

நர்ஸ் பெண் வந்தாள், உட்காரவில்லை. "நேத்து நீங்க நீட்டின தாள்ல நூலக முத்திரை பதினொண்ணாம் தேதி இருக்கு. நான் பதினேழாம் தேதி வந்து கேட்டேனேக்கா."

மேஜையில் கிடந்த புத்தகங்களை அடுக்கினேன்.

"அவர் தெரியாமப் பண்ணினார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஏப்ரல் 6

கோட்டிடமிருந்து ஆய்வைப் பிடுங்கிவிட்டார்கள். அறையைக் காலி செய்தார். பார்க்கச் சுகமாகத்தான் இருந்தது. இங்கே பொய் எழுதி என்ன ஆகப்போகிறது.

பழைய தாள்களை நானும் அவளும் சரியான முறைப்படி மறுபடி கூட்டினோம். அவள் எண்ணைப் படித்தாள், நான் எழுதினேன். நான் வாய்மூடி இருந்த நாட்களில் மட்டும், ஐம்பதைத் தொட்டிருக்க வேண்டிய ஒன்பது வீடுகளுக்கு நர்ஸ் இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் நானே போன் செய்தேன். எட்டு வீட்டில் வரச் சொன்னார்கள், இரண்டு பேர் நன்றிகூடச் சொன்னார்கள்.

ஒன்பதாவதில் மகள் எடுத்தாள். "இனிமே வேண்டாங்க. அப்பா போய்ட்டார். அம்மா இப்பதான் தூங்கறாங்க, எழுப்ப வேண்டாம்" என்றாள்.

அப்பா போனது என்றைக்கு என்று நான் கேட்கவில்லை.