விதைக் கிடங்குக்கு ஒரு காவல்

3-12-1971
விதைக் கிடங்குக்குக் காவலாள் எடுக்க வேண்டும். எங்கள் ஊராட்சி ஒன்றிய ஆணையர் மருத்துவ விடுப்பில் போய்விட்டார். "தியாகராசன், நீங்களே பார்த்து முடிச்சிடுங்க" என்றார். உடம்புக்கு ஒன்றுமில்லை. பயம்.

6-12-1971
மிராசுதார் துரைராசு காரில் வந்து இறங்கினார். சிபாரிசு. யாருக்கு? விவசாயக் கூலிகள் சங்கத் தலைவர் அய்யாக்கண்ணுவுக்கு! மூன்று வருடமாக இவர் வயலில் கொடி நட்டு அறுப்பை நிறுத்துகிறவர் அவர்.

"அரசாங்க வேலைக்கு வந்துட்டா கொடி பிடிக்க முடியாதுல்ல?" என்று சிரித்தார். "உங்க சம்சாரம் தஞ்சாவூர்லதானே டீச்சர்? இதை முடிங்க. உங்க மாறுதலுக்கு நான் பேசறேன்."

மங்களத்துக்கு ஆறாம் மாதம். அவள் அங்கே தனியாக.

7-12-1971
இன்று அய்யாக்கண்ணு. அவரும் சிபாரிசோடு — துரைராசுவின் காரியக்காரர் செல்லத்துரைக்கு!

"எங்க கூலி நெல்லை அளக்கறப்ப மட்டும் அந்தாளுக்குக் கை சுருங்கிடுது சார். நீங்க எடுத்துக்கிட்டீங்கன்னா எங்களுக்கு நிம்மதி."

காவலாள் யாருக்கும் வேண்டாம். எதிராளியைக் கொண்டுபோய்த் தள்ள ஓர் இடம்தான் வேண்டும்.

13-12-1971
நேர்முகத் தேர்வு. மூன்று பேர். எல்லோரிடமும் ஒரே கேள்வி: கிடங்கில் எலி வந்தால் என்ன செய்வீர்கள்?

அய்யாக்கண்ணு: "நான் மனுவே போடலை சார். எலியா? அதுவும் பாடுபடுது. பங்கு குடுத்துடுவேன்."

செல்லத்துரை: "எனக்கு ராத்திரியில கண்ணு தெரியாதுங்க. பகல்லயும் மங்கல்தான்." எதிர்ச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, "பன்னெண்டே காலாச்சு, விட்டுடுங்க" என்றார்.

மூன்றாவது, எல்லையம்மாள். புருஷன் இல்லை, சிபாரிசும் இல்லை. எட்டாவது பாஸ். "மூட்டையைச் செவுத்தோட ஒட்டி அடுக்கினதே தப்பு சார். ஒரு முழம் தள்ளி அடுக்கணும். அப்பத்தான் எலி போற வழி தெரியும்."

அடுக்கச் சொன்னது நான்.

14-12-1971
அய்யாக்கண்ணு பெயரை எழுதினேன். கிழித்தேன். அவர் போய்விட்டால் அறுப்புக் கூலிக்கு யார் பேசுவது? ஆனால் மங்களம்? தஞ்சாவூர் என்ன தூரமா — ஒரு கையெழுத்துத் தூரம். மறுபடி எழுதினேன். மறுபடி கிழித்தேன். எனக்கு ஏன்டா இந்த வேலை?

15-12-1971
எல்லையம்மாளுக்கு உத்தரவு கொடுத்துவிட்டேன். விதியில் 'நபர்' என்றுதான் இருக்கிறது.

21-12-1971
என்மேல் மனு. மிராசுதாரும் சங்கமும் சேர்ந்து! கூலிப் பேச்சுக்குத் தாசில்தார் நான்கு முறை கூப்பிட்டும் ஒரே அறையில் உட்காராதவர்கள், என்னைத் தூக்க நெல் மில்லில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். 'பெண்ணைக் காவலுக்கு வைத்து ஊரை அவமதித்தார்.' கீழே இரண்டு கையெழுத்தும் பக்கத்தில் பக்கத்தில்.

23-12-1971
மனு எழுதி முடித்த கையோடு, டீ வரும்வரை பேச்சு வளர்ந்து, அறுப்புக் கூலியையும் பேசித் தீர்த்துவிட்டார்களாம். அறுப்புத் தகராறுக்காக வந்து நின்ற போலீஸ் வேன் கீழ்வேளூருக்குத் திரும்பிவிட்டது. தாசில்தாருக்குப் பாராட்டுக் கடிதம்.

5-1-1972
எனக்கும் கடிதம். மாறுதல் — தர்மபுரி. மங்களத்துக்கு எழுதினேன்.

10-1-1972
அவள் பதில், ஒரே வரி: "தர்மபுரிக்கு எங்கே ரயில் மாற வேண்டும்?"

12-1-1972
பொறுப்பை ஒப்படைத்தாயிற்று. வயல்களில் அறுப்பு. சாயங்காலம் பஸ்ஸுக்கு முன், மறந்து வைத்த டிபன் கேரியரை எடுக்கக் கிடங்குக்குப் போனேன். எல்லையம்மாள் வாசலை மறித்து நின்றாள்.

"நீங்க மாத்தலாயிட்டீங்க சார். வெளியாளை உள்ள விடக்கூடாது."

"என் கேரியரும்மா!"

"இருங்க."

அவளே எடுத்துவந்தாள். மூடியைத் திறந்து உள்ளே விதைநெல் இல்லையென்று பார்த்தாள். பிறகு நோட்டை நீட்டினாள். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.