உப்பில்லாத உப்பு

ஆகஸ்ட் 2, சனி

பழைய நூற்பாலையை இடித்துத் தரைமட்டமாக்கிய வருஷம் இது. ஆற்றுப் பாலத்தில் விரிசல் விட்டு, பஸ்ஸெல்லாம் மூன்று மாதம் ஊரைச் சுற்றிப் போன வருஷம். அக்காவின் சிறுநீரகம் முக்கால்வாசி போய்விட்டது என்று டாக்டர் சொன்னதும் இதே வருஷம்தான். எந்த வருஷம் என்று எண்ணில் கேட்டால் தடுமாறுவேன். எதற்குப் பிறகு எது என்று கேட்டால் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன்.

அக்கா தினமும் என்ன சாப்பிடுகிறாள் என்று எழுதி வைக்க வேண்டுமாம். மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட்டால் அவளோடு இருப்பது நான்தான். எனக்கோ எழுத்து தெரியாது, அவளுக்கும் தெரியாது. மருமகள் போனில் ஏதோ செய்து கொடுத்தாள். அமுக்கிப் பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறது. “சும்மா பேசுங்க மாமா, அது கேட்டுக்கும்” என்றாள். இந்த வீட்டில் நான் பேசுவதைக் கேட்க ஒன்று கிடைத்ததே.

காலை ஓட்ஸ். மதியம் கொஞ்சம் சோறு, இரண்டு முறை தண்ணீர் மாற்றி வேகவைத்து வடித்த முட்டைகோஸ். இரவும் அதே. உப்பு இல்லை.

சாயந்திரம் இயற்கை அங்காடி. சனிக்கிழமை என்றாலே முழங்கால் முந்திக்கொண்டு வலிக்கிறது. வீட்டிலிருந்து காலிப் பாட்டில்களை மூட்டை கட்டிக்கொண்டு போய், முதலில் வெறும் பாட்டிலை எடை போட்டு, பிறகு நிரப்பி, மறுபடி எடை போட வேண்டும். மருமகள் ஒவ்வொரு டப்பாவையும் திருப்பிப் பின்பக்கம் படிக்கிறாள். படித்துவிட்டு வைத்துவிடுகிறாள். மகன் தள்ளுவண்டியில் சாய்ந்துகொண்டு போனைப் பார்க்கிறான். பாட்டில் நிரப்புவது என் வேலை. சுவரோரம் பதினாலு தொட்டி. எதில் என்ன என்று எனக்கு மனப்பாடம். நாற்பத்திரண்டு வருஷம் கிடங்கில் மூட்டை தூக்கியவன். சாக்கின் தையல் நூல், வாசனை, தட்டினால் வரும் சத்தம், இவை போதும். ஒரு மூட்டை மாற்றி இறக்கியதில்லை. அங்கே என் பெயரே ‘ரெஜிஸ்டர்’.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

அக்கா தட்டைத் தள்ளிவிட்டாள். “வைக்கோல வேகவச்சுப் போடுறாளாடா உன் மருமக?”

ஆகஸ்ட் 7, வியாழன்

காலை அரை டம்ளர் ஓட்ஸ். மதியம் ஒன்றுமில்லை. இரவு ஒன்றுமில்லை. சேலை இடுப்பில் நிற்கவில்லை, ஊக்கு குத்திக்கொள்கிறாள். “ஒரு சிட்டிகை போடுடா. செத்தா ருசியோட சாகுறேன்” என்கிறாள். எழுபத்தொன்பது வயசுக்காரி குழந்தை மாதிரி கையை நீட்டினால் நான் என்ன செய்ய?

ஆகஸ்ட் 9, சனி

மருமகள் எண்ணெய் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். எடை போடும் தாடிக்காரரிடம் மெதுவாகக் கேட்டேன். “உப்பு சேத்துக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. வயசானவங்க. வாயில வைக்க முடியல. வழி இருக்கா?”

“இருக்கே பெரியவரே!” என்று ஒரு சின்ன டப்பாவை எடுத்தார். “உப்பில்லாத உப்பு. நாக்குக்கு உப்பு மாதிரியே இருக்கும், ஆனா உப்பு கிடையாது. ரத்தக்கொதிப்புக்காரங்க எல்லாம் இதான் வாங்குறாங்க.”

பின்பக்கம் எறும்பு வரிசை மாதிரி எழுத்து. மருமகளிடம் காட்டினால் வேண்டாம் என்றுதான் சொல்வாள். எதைக் காட்டினாலும் அப்படித்தான். என் பணத்தில் வாங்கிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மதியம் சோறு, காய், எல்லாம். தட்டை வழித்தாள். எல்லோரும் பக்கத்திலேயே இருக்க, மேஜைக்கடியில் டப்பாவைத் திறந்து, யாரும் பார்க்காமல் அவள் தட்டில் தூவினேன். அக்கா கண்ணால் சிரித்தாள்.

உப்பு இல்லை. பொய்யா? இல்லையே — அதில் உப்பு இல்லை என்றுதானே சொன்னார்.

ஆகஸ்ட் 16, சனி

அங்காடி. சுரைக்காய், முட்டைகோஸ், ஓட்ஸ். ஆரஞ்சு, வாழைப்பழம், தக்காளி, உருளைக்கிழங்கு, கீரை வாங்கக் கூடாது. டாக்டரம்மா ஒரு முறை சொன்னதுதான், எனக்கு அட்சரம் பிசகவில்லை.

“பாத்தீங்களா மாமா, அத்தைக்கு நாக்கு பழகிடுச்சு” என்றாள் மருமகள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம் பார்த்து எவ்வளவு நாளாயிற்று. நான் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

அக்காவுக்குக் கால் பஞ்சு மாதிரி இருக்கிறதாம். படுத்தே இருக்கிறாள். வயசு என்று சொன்னேன். வேறென்ன சொல்வது? சாப்பாட்டில் குறையில்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

ஆஸ்பத்திரி பெஞ்சுல உக்காந்து பேசுறேன். காலைல பாத்ரூம் வாசல்ல விழுந்துட்டா. கால் ரெண்டும் தூக்க வரல. நாடி நின்னு நின்னு அடிக்குதாம். பக்கவாதமா இருக்கும்னு தலைய ஸ்கேன் பண்ணக் கொண்டுபோகத் தள்ளுபடுக்கைல ஏத்திட்டாங்க. அப்ப நர்ஸம்மா கேட்டா: “புதுசா ஏதாவது குடுத்தீங்களா?”

“ஒண்ணுமே இல்ல சிஸ்டர், நானே பாத்துப் பாத்துத்தான் வாங்குறேன்”னு சொல்றா மருமக. எனக்காகச் சத்தியம் பண்ணுற மாதிரி.

டப்பா என் பைல இருக்கு. சுவத்துல கடிகாரம். பெரிய முள் மூணு கட்டம் தாண்டிடுச்சு — நான் நின்னுக்கிட்டே இருக்கேன். ஏண்டா நின்ன? இருக்குறவ ஒருத்திதானேடா உனக்கு?

கடைசில போனை நீட்டினேன். “இதப் படிம்மா. ஒன்பதாம் தேதில இருந்து.”

படிச்சா. கத்தல. “டப்பா எங்க மாமா?” கைய நீட்டினா, குடுத்தேன். செருப்பு ஒண்ணு கழண்டு விழுந்தத எடுக்காம ஓடினா.

டாக்டரம்மா வெளியே வந்து சொன்னாங்க. வாழைப்பழத்துல, ஆரஞ்சுல எது இவங்களுக்கு ஆகாதோ, பொட்டாசியமாம், அதையேதான் இதுல பொடியா அடைச்சிருக்கான். பின்பக்கமே போட்டிருக்கு, சிறுநீரகக் கோளாறு இருக்கிறவங்க தொடக் கூடாதுன்னு. படுக்கையத் திருப்பி வேற ரூமுக்குக் கொண்டுபோயிட்டாங்க. ஊசி போடுறாங்க, ரத்தத்தைச் சுத்தம் பண்ணப் போறாங்களாம்.

நான் வேலைல ஒரு மூட்டை மாத்தி இறக்கல. வீட்டுல இறக்கிட்டேன்.

ஆகஸ்ட் 23, சனி

அக்கா கண் திறந்தாள். அங்காடிக்குப் போகவில்லை. மருமகள் என்னோடு பேசவில்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

வீட்டுக்கு வந்துவிட்டோம். இனி வாரம் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். அக்கா பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள். “நான்தான்டி கேட்டேன், அவனை ஒண்ணும் சொல்லாத.”

“கேட்டா குடுத்துடுவாரா அத்தை?” என்றாள் மருமகள். பிறகு, ஒரு வாரத்துக்கப்புறம் முதல் முறையாக என்னைப் பார்த்தாள். “இது என்னன்னு படிச்சு சொல்லுன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா மாமா? நான் என்ன மூணாம் மனுஷியா?”

கிடங்கில் நாற்பத்திரண்டு வருஷத்தில் யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை.

செப்டம்பர் 13, சனி

அங்காடி. இன்றைக்கு அவளே ஆரம்பித்தாள். ஒரு டப்பாவை எடுத்து என் காதருகே வைத்து, பின்பக்கத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்தாள். அடுத்த டப்பா. அடுத்தது. பதினேழு. எனக்குக் கால் கடுத்தது, அவளுக்குத் தொண்டை கட்டியது. இருவரும் நிறுத்தவில்லை. “எல்லாம் ஏறுச்சா?” என்றாள். ஏறிற்று.

செப்டம்பர் 20, சனி

நடந்ததை மருமகள் சொன்னதிலிருந்து தாடிக்காரர் அந்த டப்பாவைத் தன் மேஜைக்குப் பின்னால் வைத்திருக்கிறார். யார் கேட்டாலும், “வீட்டுல யாருக்காவது கிட்னி இருக்கா?” என்கிறார். “எல்லாருக்கும் ரெண்டு இருக்கும்ங்க” என்றாராம் ஒருவர். மகன் சிரித்தான். தாடிக்காரரால் என் முகத்தைப் பார்த்துச் சிரிக்க முடியவில்லை.

செப்டம்பர் 27, சனி

இரண்டு தண்ணீரில் வடித்த சுரைக்காய், சோறு, எலுமிச்சை நாலு சொட்டு. உப்பு இல்லை. பாதி சாப்பிட்டாள், திட்டிக்கொண்டே.

இன்று அக்காவையும் அங்காடிக்கு அழைத்துப்போனோம். அங்கே ஒரு அம்மா கண்ணாடியை மறந்துவிட்டு வந்து, ஒரு டப்பாவைத் தூரத்தில் பிடித்துக்கொண்டு முழித்தார். வாங்கிப் பார்த்தேன். மஞ்சள் மூடி, மூன்றாவது தட்டு. அதன் பின்பக்கத்தை முழுக்க ஒப்பித்தேன், கடைசியில் உள்ள எச்சரிக்கைவரை. மருமகள் அங்கிருந்தே சரிபார்ப்பதுபோல் உதட்டை அசைத்தாள்.

தாடிக்காரர் தராசை விட்டுவிட்டு வந்தார். “உங்க வீட்டுல எல்லாருக்குமே இப்படி ஞாபகமா பெரியவரே? கூடப் பொறந்தவங்க எத்தனை பேரு?”

என்னோடு சேர்த்து ஐந்து பேர் என்றேன். பெரியண்ணன், காய்கறி மார்க்கெட் எரிந்த வருஷம் போனான். தம்பி, ரயில்காரர்கள் வேலைநிறுத்தம் செய்த வருஷம், உடலை லாரியில்தான் கொண்டுவந்தோம். தங்கச்சி அதற்கு இரண்டு வருஷம் கழித்து, மழையே இல்லாத அந்த வருஷத்தில்.

“இப்ப யாரு இருக்காங்க?”

பருப்புத் தொட்டிக்குப் பக்கத்தில் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு, வண்டியை ஒழுங்காகத் தள்ளத் தெரியவில்லை என்று அவனை வைதுகொண்டிருந்தாள்.

“அக்கா” என்றேன்.